தண்டர்பேர்டை எளிமையாக்குவது: எதை மறைக்கலாம், எதை நகர்த்தவே கூடாது

கேள்வி, ஆகஸ்ட் 24, 2025
எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தண்டர்பேர்டு என்ற மெயில் நிரலைப் போட்டிருக்கிறோம். மெயில், காலண்டர், டாஸ்க், சாட், முகவரிப் புத்தகம் எல்லாம் ஒரே ஜன்னலுக்குள் நிற்கிறது. பாதிப் பேருக்கு இன்பாக்ஸும் எழுதும் பட்டனும் இருந்தால் போதும். "எளிய முறை" என்று ஒரே ஒரு பட்டன் வைத்து, அழுத்தியதும் மிச்சத்தை எல்லாம் மறைத்துவிட்டால் என்ன? ஏன் இதை இன்னும் யாரும் செய்யவில்லை?

ஆகஸ்ட் 24, இரவு
அந்த ஒற்றைப் பட்டன் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தின் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே மூத்த கணக்கருக்கு இன்பாக்ஸும் அட்டாச்மென்ட்டும் தவிர வேறொன்றும் தேவையில்லை. ஜிஎஸ்டி பார்க்கும் அக்காவுக்கு நாள் முழுக்கக் காலண்டர்தான், மெயில் அப்புறம்தான். ஆர்ட்டிகிள்ஷிப் (சி.ஏ. பயிற்சி) பையன்கள் மெயிலுக்கு ஒட்டும் டேக்கும் தேடலும் இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்ட மாட்டார்கள். நீங்கள் "மிச்சம்" என்று சொல்வது யாருடைய மிச்சம்? ஒருவருக்கு மறைக்கலாம் என்று தோன்றுவது பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்குச் சோறு போடும் பட்டன். இருக்கிறதை அவரவர் கழித்துக்கொள்ள வழி வேண்டும், கழித்தது கழித்தபடியே இருக்க வேண்டும், மிஞ்சியது இடம் மாறக் கூடாது. இதில் மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 25
"நாம் எதைப் பயன்படுத்துகிறோம் என்று மென்பொருளே பார்த்து, தேவையில்லாததை அதுவே மறைத்துவிட்டால்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இது ஏற்கெனவே நடந்து முடிந்த கதை. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2000 வந்தபோது மெனுக்கள் அப்படித்தான் இருந்தன, அடிக்கடி தொடுவது மட்டும் தெரியும், மற்றவை அடியில் இருக்கும் இரட்டை அம்புக்குறியை அழுத்தினால் விரியும். கேட்க அருமையாக இருந்தது. ஆனால் நேற்று மூன்றாவதாக இருந்தது இன்று ஐந்தாவதாக இருக்கும், வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படுவது அந்த ஒரு நாளில் கண்ணிலேயே படாது. 2007இல் வேர்டிலும் எக்ஸெலிலும் ரிப்பன் என்ற பட்டன் பட்டை வந்தபோது இந்த யோசனையையே தூக்கிவிட்டார்கள்.

மளிகைக் கடை அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி சீரகப் பொட்டலத்தை எடுப்பார், அலமாரியில் ஐந்நூறு பொருள் இருந்தாலும் அவருக்கு அது நெரிசல் இல்லை. ஒரு ராத்திரியில் யாராவது அலமாரியை "எளிமையாக" மாற்றி அடுக்கினால்தான் அவருக்குக் கஷ்டம். வயதானவர்கள் கணினியில் பட்டனைப் படித்துப் பார்த்து அழுத்துவதில்லை, இடத்தைப் பார்த்து அழுத்துகிறார்கள். கணக்கர் ஐயா பக்கத்தில் நின்று பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும்.

ஆகஸ்ட் 27
சரி, நான் நிஜமாகவே எதை மறைக்கிறேன் என்று கேட்கிறீர்கள். என் பழக்கத்தைச் சொல்கிறேன், 2025இல் வந்த 140ஆம் பதிப்பை வைத்துச் சொல்கிறேன், உங்கள் பதிப்பில் ஓரிரண்டு பெயர் மாறியிருக்கலாம்.

முதலில் இடது ஓரத்தில் நிற்கும் ஸ்பேசஸ் பட்டை. மெயில், முகவரிப் புத்தகம், காலண்டர், டாஸ்க், சாட் என்று ஐகான்கள் செங்குத்தாக நிற்கும், 2022இல் 102ஆம் பதிப்பில் வந்தது. அதன் அடியில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் சுருங்கி, மேலே டேப் வரிசையில் ஒரே ஒரு ஐகானாக உட்கார்ந்துகொள்ளும். மெயில் மட்டும் பார்ப்பவருக்கு இதைச் சுருக்கினாலே திரை பாதி அமைதியாகிவிடும். காலண்டர் பார்ப்பவருக்கு மட்டும் இதைத் தொடாதீர்கள்.

அடுத்தது கோப்புறைப் பலகத்தின் தலை. அங்கே ஒரு "புதிய செய்தி" பட்டன் இருக்கிறது, மேலே டூல்பாரிலும் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஒரே வேலைக்கு இரண்டு பட்டன் இருந்தால் புதியவர்கள் இரண்டும் வேறு வேறு என்று நினைத்துவிடுகிறார்கள், எதை அழுத்தினால் எது வரும் என்று தயங்குகிறார்கள், அதனால் ஏதாவது ஒன்றைத்தான் விட்டுவைக்கிறேன். எதை என்று அவர்களையே கேட்டுவிடுவேன். பலகத்தின் மூன்று புள்ளி மெனுவில் இந்த வேலையைச் செய்யலாம், கணினியிலேயே மெயிலை வைக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸை மறைக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. பழைய மெயில்களை அதில் போட்டு வைத்திருக்கிறார்களா என்று திறந்து பார்த்துவிட்டு மறையுங்கள், தயவுசெய்து.

வலது பக்கம் நிகழ்வுகளைக் காட்டும் "இன்றைய பலகம்" எஃப்11 அழுத்தினால் போய்விடும், மறுபடி அழுத்தினால் வரும். செய்தி வாசிக்கும் பலகத்துக்கு எஃப்8. இந்த இரண்டு விசையையும் ஒரு சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிடுவேன், ஏனென்றால் தெரியாமல் கைபட்டு "மெயில் திறந்தால் அடியில் ஒன்றுமே காட்டவில்லை" என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை எஃப்8 சமாச்சாரம்தான்.

மேலே இருக்கும் டூல்பாரை ரைட் கிளிக் செய்து கஸ்டமைஸ் போனால் வேண்டாததை இழுத்து வெளியே போட்டுவிடலாம். ஒவ்வொரு ஸ்பேசுக்கும் தனித்தனியாகப் பட்டன் வைக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மெயிலுக்கு நான்கு, காலண்டருக்கு மூன்று என்று வைத்துக்கொண்டால் ஒன்று மற்றொன்றின் காலை மிதிக்காது.

ஆகஸ்ட் 28
மெனு பட்டையை மறைத்துவிட்டுத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை என்று கேட்டவருக்கு: ஆல்ட் விசையை ஒருமுறை தட்டுங்கள், தற்காலிகமாக வரும். அப்புறம் வியூ, டூல்பார்ஸ் போய் நிரந்தரமாக்கிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 31
அட்டைக் காட்சியா, அட்டவணைக் காட்சியா என்ற சண்டை இங்கேயும் வந்துவிட்டது. 2023 ஜூலையில் சூப்பர்நோவா என்ற பெயரில் 115 வந்தபோது இந்த அட்டைக் காட்சி வந்தது, ஒவ்வொரு மெயிலும் கைபேசியில் இருப்பதுபோல ஒரு கட்டமாக, மேலே பெயர், கீழே தலைப்பு. பார்க்க எளிமை. கண்ணுக்கும் இதம், குறிப்பாகத் திரையை மூன்று செங்குத்துப் பலகங்களாக வைத்திருந்தால்.

ஆனால் எங்கள் வேலையில் அட்டவணைதான் எளிமை என்று அடித்துச் சொல்வேன். ஒரு வாடிக்கையாளர் ஏப்ரலில் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டும் என்றால், அனுப்புநர் என்ற நெடுவரிசைத் தலைப்பில் ஒரு தட்டு, அவருடைய மெயில்கள் எல்லாம் வரிசையாக ஓரிடத்தில் வந்து நின்றுவிடும், அட்டாச்மென்ட் நெடுவரிசையில் பேப்பர் கிளிப் எங்கே இருக்கிறது என்று கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினால் போதும். அட்டைக் காட்சியிலும் வரிசை மாற்றலாம், ஆனால் அதற்கு மெனுவுக்குள் போக வேண்டும், கண் ஓட்டுவதற்கு நேர்கோடும் இல்லை. குறைவாகத் தெரிவதும் குறைவாக உழைப்பதும் ஒன்றல்ல.

நெடுவரிசைகளில் நான்கை மட்டும் வையுங்கள்: அட்டாச்மென்ட், தலைப்பு, அனுப்புநர், தேதி. ஸ்பாம் தீ ஐகான், நட்சத்திரம், வாசித்ததா என்ற புள்ளி எல்லாம் போகட்டும். ஒரு ஃபோல்டரில் சரிசெய்த பிறகு, நெடுவரிசைத் தேர்வு மெனுவிலேயே "இந்த அமைப்பை மற்ற ஃபோல்டர்களுக்கும் போடு" என்ற வசதி இருக்கிறது, அதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு ஃபோல்டரும் ஒவ்வொரு முகத்தோடு நிற்கும்.

அதே நாள், கொஞ்சம் கழித்து
மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. ஒரு மெயிலையும் அதன் பதில்களையும் ஒரே இழையாக அடுக்கும் முறையை வயதானவர்களுக்கு நிறுத்திவிடுங்கள். புதிய பதில் ஒரு பழைய மெயிலுக்கு அடியில் மடித்துக் கிடக்கும், அவர்கள் "வரவே இல்லை" என்பார்கள், அனுப்பியவர் "அனுப்பிவிட்டேன்" என்பார், இரண்டுமே உண்மை. இளையவர்களுக்கு இழை இருக்கட்டும், ஒரு நோட்டீஸுக்கு இருபது பதில் போய் வரும்போது அவர்களுக்கு அது இல்லாமல் ஆகாது. இதைத்தான் சொல்கிறேன், ஒரே பட்டன் இதை எப்படித் தீர்மானிக்கும்?

செப்டம்பர் 4
"மெயில் தானாகக் காணாமல் போகிறது" என்று எழுதியவருக்கு. விசைப்பலகையில் ஏ என்ற ஒற்றை எழுத்து தண்டர்பேர்டில் ஆர்கைவ். மெயில் பட்டியல் மேல் கவனம் இருக்கும்போது, தேடல் பெட்டியில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு ஏ தட்டினால் தேர்ந்தெடுத்த மெயில் ஆர்கைவ்ஸ் ஃபோல்டருக்குப் போய்விடும். அழியவில்லை, அங்கே போய்ப் பாருங்கள். ஜே தட்டினால் ஸ்பாம் முத்திரை.

திரையில் ஒரு பட்டனைக்கூட எடுக்காமல் மென்பொருளை எளிமையாக்க முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம். அக்கவுன்ட் செட்டிங்ஸில் காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ் பகுதியில் மெயிலை ஆர்கைவ் செய்து வைக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள், அப்புறம் ஏ தட்டினாலும் ஒன்றும் ஆகாது. ஒற்றை எழுத்து விசைகள் பழகியவர்களுக்கு வரப்பிரசாதம், பழகாதவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத பள்ளம். எளிமை என்று பேசும்போது எல்லோரும் ஐகானையும் நிறத்தையும் பேசுகிறார்கள், இந்தக் குழியை யாரும் மூடச் சொல்வதில்லை.

செப்டம்பர் 6
இன்றைக்கு எழுதுவதை மட்டுமாவது எல்லோரும் படித்துவிடுங்கள்.

அனுப்புநர் முகவரியை மறைக்காதீர்கள். எளிமையாக்குகிறேன் என்று பல மெயில் நிரல்கள் பெயரை மட்டும் காட்டி முகவரியை ஒளித்துவைக்கின்றன. வருமான வரித் துறை என்று பெயர் போட்டு, உங்களுக்கு ரீஃபண்ட் இருக்கிறது, இங்கே தட்டுங்கள் என்று வரும் போலி மெயில்கள் நம் ஊரில் புதிதில்லை, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் மாதங்களில் அதிகமாகவே வரும். பெயர் யாரும் எதையும் போட்டுக்கொள்ளலாம். முழு முகவரியைப் பார்த்தால், கடைசியில் ஜிஓவி.இன் இல்லாமல் வேறு ஏதோ வாலாட்டிக்கொண்டிருப்பதைப் பாதிப் பேர் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார்கள். முகவரியைப் போலியாகப் போடவும் முடியும், அதனால் இது முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் இருக்கிற ஒரு கண்ணை ஏன் மூட வேண்டும்?

திறந்த மெயிலின் தலைப் பகுதியில் மோர் என்பதை அழுத்தி கஸ்டமைஸ் போனால், அனுப்புநரின் முழு முகவரியை எப்போதும் காட்டு என்ற தேர்வு இருக்கிறது. அதை எல்லா மேசையிலும் டிக் செய்திருக்கிறேன். அதே இடத்தில் அனுப்புநர் படத்தைக் காட்டு என்பதை எடுத்துவிட்டேன், படம் ஒன்றையும் உறுதி செய்யாது, இடத்தை மட்டும் அடைக்கும். செட்டிங்ஸில் இன்னொன்றும் இருக்கிறது, முகவரிப் புத்தகத்தில் இருப்பவர்களுக்குப் பெயரை மட்டும் காட்டு என்பது. அதையும் எடுத்துவிடுங்கள்.

மறைக்கலாமா என்று எந்த விஷயத்தைக் கேட்டாலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: இது தெரியாமல் போனால் ஒருவர் தவறான முடிவு எடுப்பாரா? எடுப்பார் என்றால் அது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் திரையில் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 17
சில நாள் இந்தப் பக்கம் வர முடியவில்லை. வருமான வரி ரிட்டர்ன் கடைசித் தேதி ஜூலை 31இல் இருந்து செப்டம்பர் 15 ஆகி, கடைசி நேரத்தில் 16 ஆகி, நேற்றோடு முடிந்தது. முடிந்த கையோடு காலண்டர் பற்றி எழுதுகிறேன், பாதிப் பேர் அதைத்தான் கேட்டிருந்தீர்கள்.

காலண்டர் முன்பு லைட்னிங் என்ற தனி நீட்சியாக இருந்தது. 2015இல் 38ஆம் பதிப்போடு சேர்த்துத் தர ஆரம்பித்தார்கள், 2020இல் 78இல் தண்டர்பேர்டின் உடம்பிலேயே கலந்துவிட்டது. அன்றிலிருந்து வேண்டாதவர்களுக்கும் அது இருக்கிறது, அகற்ற முடியாது. இதைக் குறையாகச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இன்றைய பலகத்தை மூடி, ஸ்பேசஸ் பட்டையைச் சுருக்கி, டூல்பாரில் காலண்டர் பட்டனை எடுத்துவிட்டால் அது இருப்பதே தெரியாது, அது எனக்குப் போதும்.

தேவைப்படுகிறவர்களுக்கு என்ன செய்யலாம்? நாள், வாரம், பல வாரம், மாதம் என்று நான்கு காட்சி. எங்கள் அக்காவுக்கு மாதக் காட்சி மட்டும்தான். ஏழாம் தேதி டிடிஎஸ் (பிடித்தம் செய்த வரி) கட்ட வேண்டும், ஜிஎஸ்டி ரிட்டர்னில் பதினொன்று ஜிஎஸ்டிஆர்-1, இருபது 3பி, ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் 15ஆம் தேதி முன்கூட்டிய வரி. இதில் மணி நேரத்துக்கு வேலையே இல்லை, எல்லாமே முழு நாள் நிகழ்வு. வாரக் காட்சியில் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை கோடு கோடாக வெற்றுக் கட்டம் நிற்கும்போது, முழு நாள் நிகழ்வுகள் உச்சியில் ஒரு ஒல்லிப் பட்டையில் நசுங்கிக் கிடக்கும், முக்கியமானது சிறிதாகவும் ஒன்றுமில்லாதது பெரிதாகவும் தெரியும். மாதக் காட்சியில் அந்தத் தொந்தரவு இல்லை. வாரம் எந்தக் கிழமையில் தொடங்க வேண்டும், எந்த நாட்கள் வேலை நாட்கள் என்பதை செட்டிங்ஸில் காலண்டர் பகுதியில் சொல்லிவிடுங்கள், சனிக்கிழமை வேலை உள்ள அலுவலகம் என்றால் அதை டிக் செய்ய மறக்காதீர்கள். டாஸ்க் பகுதியை நாங்கள் தொடுவதே இல்லை. ஒரே வேலை டாஸ்காகவும் நிகழ்வாகவும் இரண்டு இடத்தில் இருந்தால், ஒன்றில் முடித்தது மற்றொன்றில் நிலுவை என்று நின்று உயிரை வாங்கும்.

நிறங்களும் அப்படித்தான். காலண்டருக்கு ஒரு நிறம், வகைக்கு இன்னொரு நிறம் என்று தண்டர்பேர்டு அனுமதிக்கிறது. சட்டத் தேதிகளுக்கு ஒரு காலண்டர், அலுவலக விடுமுறைக்கும் சந்திப்புக்கும் ஒரு காலண்டர், அவ்வளவுதான், இரண்டே நிறம். சட்டத் தேதிகளை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் மற்றதன் டிக்கை எடுத்தால் மறைந்துவிடும். டிக் போட்டால் அதே இடத்தில் திரும்ப வந்து நிற்கும். எல்லா மறைப்பும் இப்படி இருந்தால் எனக்குக் கேட்க ஒன்றுமே இருக்காது.

செப்டம்பர் 26
வரித் தணிக்கை அறிக்கைக்கு அக்டோபர் 31 வரை நேரம் கொடுத்துவிட்டார்கள். காலண்டரில் தேதியை நகர்த்தும்போது கவனம்: வருடா வருடம் திரும்பி வரும் நிகழ்வைத் திருத்தத் திறந்தால் வரும், இந்த ஒன்றை மட்டுமா, மொத்தத்தையுமா என்ற கேள்வி முக்கியம், இந்த ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். அந்தக் கேள்விப் பெட்டியை "தொல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது அடுத்த வருடத்தைக் காப்பாற்றும் பெட்டி.

தொல்லை என்றால் நினைவூட்டல் ஜன்னல்தான். காலையில் கணினியைத் திறந்ததும் சேர்ந்துபோன எல்லாம் ஒன்றாக எழும்பும், அடியில் "எல்லாவற்றையும் ஒத்திவை", "எல்லாவற்றையும் நீக்கு" என்று இரண்டு பட்டன் இருக்கும். மெயில் பார்க்கும் அவசரத்தில் கை எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். நிகழ்வு காலண்டரில் அப்படியேதான் இருக்கும், ஞாபகப்படுத்தல் மட்டும் போய்விடும், கெடு தேதியில் அது சின்ன விஷயமில்லை. மறைக்கும் உரிமை எனக்கு ஒரே ஒரு பட்டனுக்குத்தான் உண்டு என்றால் இந்த "எல்லாவற்றையும் நீக்கு"வைத்தான் எடுப்பேன். இப்போதைக்கு நான் செய்வது, புதிய நிகழ்வுக்கெல்லாம் தானாக நினைவூட்டல் போடும் அமைப்பை நிறுத்திவிட்டு, கெடு தேதிகளுக்கு மட்டும் மூன்று நாள் முன்னால் கையால் வைப்பது. சத்தம் குறைந்தால் வருகிற ஒன்றைப் படிக்கிறார்கள்.

அக்டோபர் 5
யூசர்குரோம் சிஎஸ்எஸ், அதாவது முகப்பின் தோற்றத்தை நாமே எழுதி மாற்றும் கோப்பு, பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஆமாம், கான்ஃபிக் எடிட்டரில் அதற்கான அனுமதியைத் திறந்துவிட்டு, ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் (நம் அமைப்புகள் இருக்கும் இடம்) அந்தக் கோப்பை வைத்தால் கண்ணில் படும் எதையும் மறைக்கலாம். உங்கள் சொந்தக் கணினியில் ஆசைக்குச் செய்யுங்கள். அலுவலகத்தில் நான் செய்ய மாட்டேன். 115 வந்தபோது முகப்பின் பெரும் பகுதியைத் திரும்ப எழுதினார்கள், மேலே அகலமாக ஒரே டூல்பார் வந்தது, மெனு பட்டை அதற்குக் கீழே இறங்கியது, பழைய சிஎஸ்எஸ் வரிகள் பலருக்கும் வேலை செய்யாமல் போயின. செட்டிங்ஸுக்குள் இருக்கும் தேர்வுகளுக்கு உருவாக்குபவர்கள் பொறுப்பேற்கிறார்கள், சிஎஸ்எஸ் தந்திரத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

மாதாமாதம் புதிய வசதி வரும் ரிலீஸ் வழிதான் 2025 மார்ச்சிலிருந்து இயல்பாக இறக்கக் கிடைக்கிறது. அலுவலகத்துக்கு இஎஸ்ஆர் என்ற நீண்ட காலப் பதிப்பு வழியையே எடுங்கள், பாதுகாப்புத் திருத்தம் தவறாமல் வரும், பெரிய மாற்றம் வருடத்துக்கு ஒருமுறைதான். மாற்றம் வருவதற்கு முன் ஒவ்வொரு மேசையின் திரையையும் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே எது இருந்தது என்று பிறகு கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது, கைக்கு மட்டும்தான் தெரியும்.

அக்டோபர் 12
கூகுளின் இன்பாக்ஸ் ஆப் இப்போது இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று ஒருவர். 2014இல் வந்து 2019 ஏப்ரலில் மூடப்பட்டது அது. எனக்கும் பிடித்திருந்தது, குறிப்பாக மெயிலை ஒத்திவைக்கும் வசதி, அதை ஜிமெயிலுக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் அதன்மேல் பழக்கத்தைக் கட்டியவர்கள் எல்லோரும் ஒரு நாளில் வேறு திரைக்குப் போக வேண்டியதாயிற்று. தனியாக ஒரு "எளிய" நிரல் கொடுத்தால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு, பெரிய நிரலுக்குள்ளேயே கழிக்க வழி கொடுத்தால் இல்லை. எழுத்து அளவு போதவில்லை என்பவர்களுக்கு ஒரு வரி: மூன்று கோடு மெனுவில் அடர்த்தி, எழுத்து அளவு இரண்டும் இருக்கிறது, கண் கஷ்டப்படுகிறவர்களுக்குப் பட்டனைக் குறைப்பதற்கு முன்னால் அதைக் கூட்டிப் பாருங்கள்.

அக்டோபர் 19
மொசில்லா கனெக்ட் என்ற இணையதளத்தில் தண்டர்பேர்டுக்கு யோசனை சொல்ல இடம் இருக்கிறது, அங்கே போடலாம் என்று வரைந்தது இது, படித்துவிட்டு விட்டுப்போனதைச் சொல்லுங்கள். முகப்பு அமைப்பை மட்டும் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும். இப்போது டூல்ஸில் இருக்கும் எக்ஸ்போர்ட் கணக்கு, மெயில், முகவரி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது, பக்கத்து மேசைக்கு டூல்பாரையும் நெடுவரிசையையும் மட்டும் கொண்டுபோக அது உதவாது. பெரிய பதிப்பு வரும்போது நானாக வைத்த இடங்களைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். மறைத்தவை எல்லாம் ஒரே பட்டியலில் தெரிய வேண்டும், அங்கிருந்தே திரும்ப எடுக்க முடிய வேண்டும், மூன்று புள்ளியிலும் ரைட் கிளிக்கிலும் செட்டிங்ஸிலும் தேடி அலையக் கூடாது. நினைவூட்டல் ஜன்னலில் "எல்லாவற்றையும் நீக்கு" கேட்டபிறகே நீக்க வேண்டும்.

நான்காவதைத் தனி யோசனையாகப் போடுவதே நல்லது என்று தோன்றுகிறது, மற்ற மூன்றோடு சேர்த்தால் விவாதத்தில் கரைந்துவிடும். தீபாவளி விடுமுறை முடிந்ததும் இரண்டாகப் பிரித்துப் போடுகிறேன்.